இரண்டு மணித்தியாலத்தில் பறிக்க முடியாதவை

 

முசஃபாவில் புதிதாகக் குடியேறும் குடும்பங்கள் எம்மிடம் முதலில் விசாரிப்பவை வீட்டு வாடகை, பிள்ளைகளின் பாடசாலை, ஊருக்குப் பணம் அனுப்பும் வழி என்பனவே. இவை நியாயமான கேள்விகள். ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னர் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. நாம் எதற்காக இங்கு வந்தோம்? வந்த காரியம் எப்போது முடியும்? மார்க்கத்தைப் பேணி வாழ விரும்பும் ஒரு முஸ்லிம் குடும்பம் இதற்கு எவ்வாறு விடை தேடலாம் என்பதை இம்முறை சிந்திப்போம்.

தவணையில் ஓடும் வாழ்க்கை

அபுதாபித் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு வந்தால் முசஃபா. வாகனம் திருத்தும் கராஜ்கள், உதிரிப்பாகக் கடைகள், இரும்பு வேலைத்தலங்கள், களஞ்சியங்கள், தொழிலாளர் விடுதிகள் என்று நீளும் கைத்தொழில் பகுதி இது. எம்மவர் வாயில் இதற்குச் 'சனையா' என்று பெயர். அதை அடுத்து குடும்பங்கள் வசிக்கும் ஷாபியா இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் விதிகளின்படி மாதச் சம்பளம் 4,000 திர்ஹமாக இருந்தால், அல்லது 3,000 திர்ஹமும் கம்பனி தரும் வீடும் இருந்தால், மனைவி பிள்ளைகளைத் தம் பொறுப்பில் அழைத்துக்கொள்ளலாம். அவ்வாறு வந்து சேர்ந்தவர்களே எமது புதிய குடும்பங்களுட் பலர்.

லண்டனிலோ டொரொண்டோவிலோ தஞ்சம் அடைந்த ஒரு குடும்பத்துக்குக் காலப்போக்கில் அந்த நாட்டுக் கடவுச்சீட்டு கிடைக்கிறது. எமக்கு இங்கே அந்த வழி இல்லை. வேலை விசா வழமையாக இரண்டு வருடத்துக்கு உரியது. வேலை முடிந்தால் வதிவிட அனுமதியும் முடிந்துவிடும். ஆகவே முசஃபாவில் நாம் எத்தனை வருடம் இருந்தாலும் தவணையில்தான் இருக்கிறோம் என்பதை மறந்துவிடலாகாது.

இப்படியிருந்தும் இரண்டு வருடம் என்று சொல்லி வந்தவர்கள் இருபது வருடம் தங்கிவிடுவதைக் காண்கிறோம். ஏஜென்சிக் கடனை அடைக்க வந்தவர் பின்னர் வீடு கட்ட நினைக்கிறார். வீட்டுக்குக் கூரை போட்டதும் மூத்த மகளின் கல்யாணம் வருகிறது. அது முடிய இளைய மகளின் முறை. ஒவ்வொன்றும் நியாயமான தேவைதான். ஆனால் எதற்கும் தொகையும் இல்லை, திகதியும் இல்லை. அதனாலேயே பயணத்துக்கு முடிவும் இல்லாமற் போகிறது. வாப்பா என்றால் கைத்தொலைபேசியில் வரும் முகம் என்று வளர்ந்த பிள்ளைகள் எம்மத்தியில் எத்தனை பேர்!

எமக்கு ஏன் இந்தப் பயம்?

எமது சமூகத்துக்கு இதில் தனியான ஒரு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை அவர்களது ஊர்களிலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஐந்து மாவட்டங்களிலுமாகச் சுமார் 75,000 பேர் வீடு, கடை, காணி, தோணி எல்லாவற்றையும் விட்டு வெளியேறினர். கையில் கொண்டுபோக அனுமதிக்கப்பட்டது சில நூறு ரூபாதான். சோதனை நிலையங்களில் பெண்பிள்ளைகளின் காதுத் தோடுகள்கூடக் கழற்றப்பட்டன. பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கையைத் தொடங்கினர். 2009இல் போர் முடியும்வரை ஊர் திரும்பும் வழி பெரும்பாலானோருக்குத் திறக்கவில்லை. அந்த முகாம்களிலிருந்துதான் எமது வாலிபர்களிற் பலர் வளைகுடாவுக்கு விமானம் ஏறினர்.

ஒரு நாளில் எல்லாம் இழந்தவனுக்கு எவ்வளவு சேர்த்தாலும் போதாது என்று தோன்றுவது இயல்பு. பெரிய வீடு, கனத்த நகை, இன்னொரு காணித் துண்டு என்று மனம் ஓடுகிறது. ஆனால் அந்த நாள் எமக்குக் கற்பித்த பாடம் வேறு. வீடும் நகையும் காணியும்தான் அன்று இரண்டு மணித்தியாலத்தில் பறிபோயின. பறிபோகாமல் எம்மோடு புத்தளம் வரை வந்தவை எவை? தையல்காரரின் கைத்தொழில் வந்தது. ஒஸ்மானியாக் கல்லூரியிலும் கதீஜா பாடசாலையிலும் படித்தவர்களின் படிப்பு வந்தது. இரும்புக் கடைக்காரர் நாணயமானவர் என்ற பெயர் வந்தது. ஈமானும் தொழுகையும் வந்தன. கொட்டிலில் ஓலைப்பாய் விரித்துப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க இவையே உதவின.

ஆகவே இலக்கு வைக்கும்போது இந்த ஒரு கேள்வியை அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது எமது எண்ணம். இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னால் இதை எம்மோடு கொண்டு போகலாமா? கொண்டு போகக்கூடியவை முதலிலும் மற்றவை பின்னரும் வரட்டும். வீடு கட்டக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. வரிசையைத்தான் சொல்கிறோம்.

நிய்யத்தும் கடனும்

புகாரி ஹதீஸ் தொகுப்பின் முதலாவது ஹதீஸே நிய்யத்தைப் பற்றியது. எண்ணத்தைப் பொறுத்தே செயலுக்குக் கூலி என்பது அதன் கருத்து. ஹலாலான முறையில் உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் நிய்யத்தோடு கராஜில் எண்ணெய்க் கறையோடு நிற்பதும் நன்மையான காரியமே. இது எமக்குப் பெரிய ஆறுதல். ஆனால் நிய்யத் என்பது தெளிவான ஓர் எண்ணம். "நிறையச் சம்பாதிக்க வேண்டும்" என்பது ஆசை மட்டுமே. "2028 ரமழானுக்கு முன்னர் இந்தக் கடனை முடிப்பேன், இன்ஷா அல்லாஹ்" என்பது நிய்யத். இன்ஷா அல்லாஹ் என்று சொல்வது முயற்சியைக் கைவிடுவதற்கான சாட்டு அல்ல. எமது பங்கைச் செய்த பின் முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே அதன் பொருள்.

இலக்குகளில் முதலாவது கடன். குர்ஆனில் மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். கடனை எழுதி வைத்துச் சாட்சி வைக்கும்படி கூறும் வசனம் அது. நாமோ மச்சானிடம் வாங்கியதை எழுதினால் மரியாதைக் குறைவு என்று எழுதாமல் விட்டுப் பிறகு உறவையும் முறித்துக்கொள்கிறோம். ஏஜென்சிக்குக் கட்டக் கைமாற்றாக வாங்கியது, அடகு வைத்த நகை, சீட்டில் முன்கூட்டியே எடுத்த தொகை, கடைக் கொப்பிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். வட்டி ஏறும் கடனை முதலில் முடியுங்கள். இங்குள்ள வங்கிகள் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கடனட்டையும் கடனும் தருவதாக அழைக்கும். அதற்கு இணங்கிக் கட்டமுடியாமற் போனால் வழக்கும் பயணத் தடையும் வரலாம். உம்மாவின் மையித்துக்குக்கூட ஊர் போக முடியாமல் நிற்கும் நிலை எவருக்கும் வரக்கூடாது.

ஸக்காத்தும் கணக்கும்

இலக்கு வைக்கப் பழகாத குடும்பத்துக்கு ஸக்காத் ஒரு நல்ல ஆசான். வருடத்துக்கு ஒரு தடவை கையிருப்பைக் கணக்கிட்டுப் பார்க்கும்படி அது எம்மைக் கட்டாயப்படுத்துகிறது. 85 கிராம் தங்கத்தின் பெறுமதி, அல்லது 595 கிராம் வெள்ளியின் பெறுமதி நிஸாப் என்று கணிக்கப்படுகிறது. சேமிப்பு அந்த அளவை எட்டி ஒரு சந்திர வருடம் நிறைந்தால் இரண்டரை வீதம் கொடுக்க வேண்டும். சந்திர வருடம் ஆங்கில வருடத்தை விட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஜனவரிக்கு ஜனவரி கணக்குப் பார்ப்பவர் 33 வருடத்தில் ஒரு வருட ஸக்காத்தைத் தவறவிட்டு விடுவார். அணியும் நகைக்கு ஸக்காத் உண்டா என்பதில் ஷாஃபி மத்ஹபும் ஹனஃபி மத்ஹபும் வேறுபடுகின்றன. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

ஸக்காத் பெறும் நிலையில் முகாமில் இருந்த நாம் ஸக்காத் கொடுக்கும் நிலைக்கு வருவதே ஓர் இலக்காக இருக்கட்டும்.

படிப்பும் தமிழும்

எமது அளவுகோலின்படி பிள்ளைகளின் கல்வி முன்வரிசையில் வருகிறது. இலங்கையில் அரச பாடசாலையும் பல்கலைக்கழகமும் இலவசம். இங்கே பாடசாலைக் கட்டணம் வருடாவருடம் குடும்பத்தின் சேமிப்பைத் தின்றுவிடும். ஆகவே பிள்ளைகள் எந்த வகுப்பு வரை இங்கே, எந்த வருடத்தில் ஊருக்கு என்பதை அவர்களை இங்கு சேர்க்கும்போதே தீர்மானிக்க வேண்டும். கடைசி நேரத்தில் வேலை போய் ஊருக்குத் திரும்பும் பிள்ளை தமிழ் எழுதவோ வாசிக்கவோ தெரியாமல் தமிழ்மொழிமூல வகுப்பில் உட்கார்ந்தால் என்ன செய்யும்? வீட்டில் தினமும் அரை மணித்தியாலம் தமிழ் வாசிப்பும் எழுத்தும் இருக்கட்டும். மஃரிபுக்குப் பின் குர்ஆன் ஓதும் நேரத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டால் இலகுவாகப் பழகிவிடும்.

பெரியோர் விடயத்திலும் இதுவே. கராஜில் உதவியாளாக நிற்பவர் இரண்டு வருடத்தில் வாகன மின்வேலையைக் கற்றுத் தேர்ந்தால் அந்தத் தொழில் எந்த ஊருக்கும் அவரோடு வரும். வெல்டிங் சான்றிதழும் கனரக வாகன அனுமதிப்பத்திரமும் அப்படியானவையே. வீட்டில் இருக்கும் தாய்மாருக்குத் தையலோ கணக்குப் பதிவோ கைகொடுக்கும்.

மஹரும் கைக்கூலியும்

எமது ஆண்களை வளைகுடாவில் அதிக காலம் கட்டிப்போடுவது எது என்று கேட்டால் பெண்பிள்ளைகளின் கல்யாணச் செலவு என்றே பலர் சொல்வார்கள். வீடு, நகை, ரொக்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பதைக் கொடுக்க ஒரு தந்தை பத்து வருடம் வெயிலில் நிற்கிறார். மார்க்கம் விதித்தது இதற்கு நேர்மாறானது. மணமகன்தான் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும். இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் கைக்கூலியைப் பதிவு செய்வதற்கும் காதி நீதிமன்றம் மூலம் திரும்பப் பெறுவதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுக்கு அது வழக்கத்தில் ஊறிவிட்டது.

ஊர் வழக்கத்தை ஒரு குடும்பம் தனியாக மாற்ற முடியாது என்பீர்கள். மகள் விடயத்தில் அது உண்மையாக இருக்கலாம். மகன் விடயத்தில் அல்லவே! "எமது மகனுக்கு எதுவும் கேட்க மாட்டோம், மஹரை அவனே உழைத்துக் கொடுப்பான்" என்பதை உங்கள் இலக்குப் பட்டியலில் எழுதலாம். இப்படி எழுதும் ஒவ்வொரு வீடும் இன்னொரு வாப்பாவை முசஃபாவிலிருந்து சில வருடம் முந்தி வீட்டுக்கு அனுப்பி வைக்கிறது. மகளுக்கோ சீதன வீட்டுக்கு முன்னர் ஒரு படிப்பைக் கொடுங்கள்.

வீடு எங்கே?

வடக்கு முஸ்லிம்களுக்கு இது நெஞ்சைத் தொடும் கேள்வி. புத்தளத்திலா, யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலா, எருக்கலம்பிட்டியிலா, முசலியிலா? மூத்தோருக்குப் பிறந்த மண்ணில் ஆசை. பிள்ளைகளுக்கோ புத்தளமே தெரிந்த ஊர். இரண்டு இடத்திலும் அரைகுறையாகக் கட்டி ஒன்றிலும் குடியிருக்காத வீடுகளும் உண்டு. கல் வாங்குவதற்கு முன்னர் யார், எந்த வருடம் முதல் அங்கே குடியிருக்கப் போகிறார்கள் என்பதைக் குடும்பமாகத் தீர்மானியுங்கள். பழைய காணியின் உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுப்பதே முதல் வேலையாக இருக்கட்டும்.

தொகையையும் கவனமாக எழுத வேண்டும். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதம் ஆகும்போது 360 ரூபாவைத் தொட்டது. சீமெந்தும் கம்பியும் அதனோடு ஏறின. ரூபாவில் சேமித்து வைத்தவரின் வீடு பாதியில் நின்றது. திர்ஹமோ 1997 முதல் ஒரு டொலருக்கு 3.6725 என்று நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. எனவே வீட்டுக்கான கணக்கைத் திர்ஹத்தில் வைத்துக்கொண்டு, அத்திவாரம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டமாகத் தேவைப்படும்போது அனுப்புவது நல்லது.

ஹஜ், வஸிய்யத், திரும்பும் பணம்

ஹஜ் சக்தியுள்ளவர் மீது வாழ்வில் ஒரு முறை கடமை. தவணை வந்த கடனை அடைத்து, தாம் திரும்பி வரும்வரை குடும்பத்துக்கு வேண்டியதை வைத்துவிட்டுப் போவதும் அந்தச் சக்தியில் அடங்கும். இங்கிருந்து பஸ்ஸிலே உம்ரா போய் வருபவர்கள் உண்டு. அது நல்ல அமல். ஆனால் உம்ராவுக்குப் போய்வந்தால் ஹஜ் கடமை நீங்கிவிடாது. மாதம் ஒரு சிறு தொகையை ஹஜ்ஜுக்கென்று தனியாக எடுத்து வைத்தால் முதுமைக்கு முன்னரே கணவனும் மனைவியும் போகலாம்.

நாம் திரும்பும்போது கிடைக்கும் சேவைக்காலப் பணத்தையும் கணக்கில் சேருங்கள். 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிற் சட்டத்தின்படி, ஒரு வருடம் பூர்த்தி செய்தவருக்கு முதல் ஐந்து வருடத்தில் வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதன் பின்னர் வருடத்துக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளமும் உண்டு. மொத்தம் இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டாது. உதாரணமாக அடிப்படைச் சம்பளம் 1,500 திர்ஹம் என்றால் எட்டு வருட முடிவில் 9,750 திர்ஹம் வரும். ஊரில் சிறு தொழில் தொடங்க இது ஒரு முதல். இதை நம்பி முன்கூட்டியே கடன் வாங்காதீர்கள்.

வஸிய்யத் எழுதுவதை நாம் மரணத்தை அழைப்பது போல நினைத்துத் தள்ளிப் போடுகிறோம். வாரிசுகளின் பங்கை மார்க்கமே நிர்ணயித்துவிட்டது. இலங்கையில் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாசனமின்மைச் சட்டம் அதையே பின்பற்றுகிறது. வாரிசல்லாதவர்களுக்கும் தர்மத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு வரை எழுதலாம். அதைவிட முக்கியமாக, யாருக்கு எவ்வளவு கடன், எந்த வங்கியில் எவ்வளவு பணம், கம்பனியிடம் வரவேண்டியது என்ன, உறுதி யார் கையில் என்பவற்றை எழுதி மனைவியிடம் கொடுங்கள். மரணச் செய்தி கிடைத்தால் இங்குள்ள வங்கிகள் கணக்கை நிறுத்திவைத்து நீதிமன்றப் பத்திரம் கேட்கும். அந்த வேளையில் எமது பெண்கள் விவரம் தெரியாமல் அலையக்கூடாது.

எமது மண்ணில் ஒரு முன்மாதிரி

யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களைப் பற்றி எமது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். யாழ் இந்துக் கல்லூரியில் படித்து, 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிம் அவர். உத்தியோகத்தில் கல்முனைக்குச் சென்றபோது அங்கு கெட்டிக்காரப் பிள்ளைகள் வறுமையால் படிப்பை விடுவதைக் கண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். 1948இல் அந்தப் பெரிய உத்தியோகத்தையே விட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 1961 வரை அங்கு பணி செய்தார். 1973இல் அவர் காலமானார். 1990இல் அவர் பிறந்த ஊரில் முஸ்லிம் வீடுகள் வெறுமையாயின. ஆனால் அவர் படிக்க வைத்த பிள்ளைகளின் கல்வியை எவராலும் பறிக்க முடியவில்லை. இதைத்தான் ஸதகா ஜாரியா, அதாவது இறந்த பின்னும் தொடரும் தர்மம் என்கிறோம். ஊரில் ஓர் ஏழைப் பிள்ளையின் புத்தகச் செலவை ஏற்றுக்கொள்வது சனையாவில் வேலை செய்யும் எமக்கும் முடிந்த காரியமே.

ஒரு கொப்பியும் ஒரு மாலையும்

இனி, செய்ய வேண்டியது என்ன? ஒரு விடுமுறை மாலையில் அஸர் தொழுதுவிட்டுக் கணவனும் மனைவியும் ஒரு கொப்பியோடு உட்காருங்கள். வளர்ந்த பிள்ளைகளும் இருக்கட்டும். ஊரில் மனைவி இருந்தால் தொலைபேசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து இலக்குக்கு மேல் எழுத வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை, திகதி, யார் பொறுப்பு என்று குறியுங்கள். கீழே, ஊர் திரும்பும் வருடத்தை எழுதுங்கள். அது பின்னர் மாறலாம். ஆனால் மாற்றுவதானால் இருவரும் பேசித்தான் மாற்றுவோம் என்று உடன்படுங்கள். ஒவ்வொரு வருடமும் ரமழான் பிறை காணும்போது கொப்பியைத் திறந்து பாருங்கள். ஸக்காத் கணக்கும் அன்றே முடிந்துவிடும்.

இரண்டு விடயத்தைப் பட்டியலில் எழுதாமலே கடைப்பிடிக்க வேண்டும். ஒன்று ஐவேளைத் தொழுகை. மேலதிக வேலைக்காக அதை விட்டுக்கொடுத்துச் சேர்க்கும் பணத்தில் பரக்கத்தைத் தேட முடியாது. மற்றது உடம்பு. ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்பது இந்நாட்டுச் சட்டம். ரமழானில் வேலை நேரம் இரண்டு மணித்தியாலம் குறைக்கப்படுகிறது. இவை எமக்குரிய உரிமைகள். அவற்றைச் சில திர்ஹத்துக்கு விற்றுவிடாதீர்கள். நோயாளியாகத் திரும்பும் வாப்பாவை விட, சற்றுச் சிறிய வீட்டோடு சுகமாகத் திரும்பும் வாப்பாவே பிள்ளைகளுக்குத் தேவை.

எமது நல்ல நிய்யத்துகளை நிறைவேற்றி, எம் ஒவ்வொருவரையும் குறித்த காலத்தில் குடும்பத்தோடு அல்லாஹ் சேர்த்து வைப்பானாக. உங்கள் வீட்டுக் கொப்பியில் எது முதலாவதாக வந்தது என்பதை எமக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.